தாயாரம்மாள் சொன்ன விடை

திருத்தணி
19-11-1944, ஞாயிறு

என் பிரிய அம்முவுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். பம்பாய் மெயில் போய் வெகுநேரமாகிறது, அப்பாவும் தம்பி சத்தியும் தூங்குகிறார்கள், விளக்கில் இருக்கிற எண்ணெய் வருகிற ரேஷன் வரைக்கும் வரவேண்டியது. எழுத்து கோணிக்கொண்டு போனால் வெளிச்சத்தைக் குற்றம் சொல், எனக்கு உடம்புக்கு ஏதோ என்று நினைத்துவிடாதே. கர்த்தருடைய இரக்கத்தில் நாங்கள் மூன்று பேரும் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குப் படுக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்கள் நலம் முழுசாகும். சத்திக்குப் போன வாரம் இருமல், இப்போது தேவலை, ராத்திரியில் மட்டும் கொஞ்சம் இழுக்கிறது, நான் இரண்டு தரம் எழுந்து மார்பில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் படுக்கிறேன். அப்பாவுக்கு ஸ்டேஷனில் ஓயாத வேலை, பட்டாள ஸ்பெஷல் ரயில் வந்துகொண்டே இருக்கிறது, பார்சல் ஆபீசில் உட்கார்ந்து சாப்பிடக்கூட நேரமில்லை. பூனாவிலிருந்து வந்த உன் போன கடிதத்தில் ஒரு வரியைச் சென்சாரில் யாரோ கறுப்பு மையால் அடித்திருந்தார்கள், பட்டாள ஆஸ்பத்திரிச் சமாசாரம் ஏதாவது எழுதியிருப்பாய் என்று அப்பா சொல்கிறார், எனக்கு மட்டும் அந்த வரியில் உனக்குக் காய்ச்சல் என்று இருந்ததோ என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. இனிமேல் உன் உடம்பைப் பற்றி எழுதுவதானால் முதல் வரியிலேயே எழுது, முதல் வரியை யாரும் அடிக்கமாட்டார்கள்.

இந்தக் கடிதத்தை மூன்று தரம் தொடங்கி மூன்று தரம் நிறுத்தினேன், காகிதம் கிடைக்கிற காலமா இது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் பள்ளிக்கூடத்து ஆயா தாயாரம்மாளை வியாழக்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். டிசம்பர் இரண்டாம் தேதி சனிக்கிழமை பள்ளிக்கூடக் கமிட்டி கூடுகிறது, அவளை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று அன்றைக்குத் தீர்மானம். அவள் போனால் அவளோடு ஐந்து பெண்களின் படிப்பும் போகும். இதில் உனக்கு ஒரு பங்கு இருக்கிறது, எனக்கு ஒரு பங்கு இருக்கிறது. என்னுடையது அவ்வளவு நல்ல பங்கு அல்ல, அதனால்தான் மூன்று தரம் நிறுத்தினேன்.

நீ படித்த நாளுக்கு இப்போது பள்ளிக்கூடத்தில் சில மாறுதல். மேற்குப் பக்கத்துக் கூரை மழையில் இறங்கிவிட்டதால் ஐந்தாம் பாரம், ஆறாம் பாரம் இரண்டு வகுப்பையும் பெரிய கூடத்திலேயே வைத்திருக்கிறார்கள், ஒன்று கிழக்குப் பார்த்து, மற்றது மேற்குப் பார்த்து. பெண்களின் பெஞ்சுகள் நடுவில் முதுகோடு முதுகு, ஐந்தாம் பாரத்தில் மூன்று பேர், ஆறாம் பாரத்தில் இரண்டு பேர். ஆறாம் பாரத்து இரண்டு பேரில் ஒருத்தி ஜவுளிக்கடை ஜெகநாதனின் மகள் வரலட்சுமி, நாலாம் பாரம் சேர்ந்த அன்றைக்கு உன் தாவணியைப் பிடித்துக்கொண்டு அழுதாளே அவள், வருகிற மார்ச்சில் பரீட்சை. இரண்டு பெஞ்சுக்கும் இடையில் மணை போட்டுத் தாயாரம்மாள் உட்காருவாள். உனக்குத் தெரிந்த அதே தாயாரம்மாள்தான். காலையில் வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூட்டிவருவது, பகலெல்லாம் அவர்கள் மேல் ஒரு கண்ணும் மடியில் மந்தார இலையுமாக உட்கார்ந்து சாப்பாட்டு இலை தைப்பது, சருகு சத்தம் போடாமலிருக்க ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வருவது, சாயங்காலம் அவரவர் வாசலில் விட்டுவிட்டு, தைத்த இலைக்கட்டை மலைமேல் சத்திரத்துக்குக் கொடுத்தனுப்புவது, எதுவும் மாறவில்லை. ஆண் வாத்தியார், ஆண் பிள்ளைகள் இருக்கிற கூடத்துக்குப் பெற்றவர்கள் பெண்ணை அனுப்புகிறார்கள் என்றால் அந்த மணையை நம்பித்தான். இரண்டு பாரத்துப் பாடமும் இரண்டு காதிலும் விழும்படி உட்கார்ந்திருக்கிறாளே, இவள் தலைக்குள் என்ன போகிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

போன செவ்வாய்க்கிழமை சித்தூரிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். தெலுங்குக்காரர், தமிழை நிதானமாகவும் தெளிவாகவும் பேசுகிறார். நான் கூடத்தைத் தடுக்கிற தட்டிக்கு இந்தப் பக்கம் மூன்றாம் பாரத்துக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன், தட்டியில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிசல் இருக்கிறது, எல்லாம் பார்த்தேன். ஐந்தாம் பாரத்துப் பையன்களிடம் ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டார். போன வருஷத்துப் பாடம், ஒருத்தனாவது வாயைத் திறக்க வேண்டுமே, பயத்தில் உத்தரத்தைப் பார்க்கிறார்கள். வரிசையாக எழுப்பி எழுப்பிக் கேட்டுவிட்டுப் பெண்களின் பக்கம் திரும்பினார். பெண்கள் எழுந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். வெளி ஆண்கள் எதிரில் பதில் பேசக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறது, அது அவருக்கு எப்படித் தெரியும். "இந்த ஆடபிள்ளைகள் பெஞ்சியைத் தேய்க்க வருகிறார்கள் போலிருக்கிறதே" என்று சிரித்துக்கொண்டே நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். அப்போது கீழேயிருந்து, "ரெண்டு செங்கோணங்க" என்று ஒரு குரல். யார் அது என்று அவர் தேட, தாயாரம்மாள் மடியிலிருந்த இலையை ஒதுக்கிவிட்டு எழுந்து நின்று, "நான்தாங்க. பொண்ணுங்களுக்குத் தெரியுங்க, வெளி ஆம்பளைங்க எதிர்ல வாய் தெறக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பறாங்க. தெரியாதுன்னு நீங்க எழுதிடப் போறீங்களேன்னுதான்" என்றாள். நீ என்ன படித்தாய் என்று கேட்டார். "நான் இலை தெக்கிறவங்க" என்றாள். பிறகு எப்படித் தெரியும் என்றதற்கு, அம்மு, அவள் ஒரு மந்தார இலையை எடுத்து முக்கோணமாக நகத்தால் கிள்ளினாள், மூன்று மூலையையும் தனித்தனியாகக் கிழித்தாள், கிழித்த மூன்றையும் மணையின் ஓரத்தில் முனையோடு முனை சேர்த்து வைத்தாள். ஓரம் நேராக நின்றது. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். பி.ஏ. படித்த நான் தட்டிக்கு இந்தப் பக்கம் சாக்பீஸை வைத்துக்கொண்டு நின்றேன், எனக்கு ஒரு நாளும் ஒருவரும் இப்படிக் காட்டியதில்லை.

அதோடு நின்றிருந்தால் ஊர் முழுக்கச் சிரித்து மகிழ்ந்திருக்கும். இன்ஸ்பெக்டர் கணக்கு வாத்தியாரைப் பார்த்து, "உங்கள் ஆயாவுக்குத் தெரிந்தது உங்கள் பையன்களுக்குத் தெரியவில்லையே" என்று சொல்லிவிட்டார், பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். கணக்கு வாத்தியார் கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும், ஆனால் முகம் கறுத்துப்போய், "தினமும் இதே தொந்தரவுதாங்க, பொண்ணுங்களுக்கு மெல்ல மெல்லச் சொல்லிக் கொடுத்துகினே இருப்பா" என்று ஒரு வார்த்தை விட்டார். இன்ஸ்பெக்டரின் சிரிப்பு போய்விட்டது. பரீட்சை நடக்கும்போதும் இவள் கூடத்தில் இருக்கிறாளா என்று கேட்டார். ஹெட்மாஸ்டர் ராஜகோபால் முதலியார் கையைப் பிசைந்துகொண்டு, "ஆங், இருக்கிறாங்க. அவங்க இல்லேன்னா பொண்ணுங்க வரமாட்டாங்க" என்றார். அப்படியானால் இந்தப் பெண்கள் இதுவரை வாங்கிய மார்க்கு யாருடைய மார்க்கு என்று கேட்டுவிட்டு, நின்றபடியே எழுதினார். தாயாரம்மாள் ஒரு மார்க்குக்கும் வாயைத் திறந்தவள் இல்லை. ஆனால் இலையைக் கிழித்துக் காட்டிய கை அவளுடையது, எல்லோரும் பார்த்தார்கள், அவள் எவ்வளவு நன்றாகக் காட்டினாளோ அவ்வளவுக்கு அவள் மேல் சந்தேகம் கெட்டியாகிவிட்டது.

மறுநாள் புதன்கிழமை அவளைத் தாழ்வாரத்தில் உட்காரச் சொன்னார்கள். பெண்களின் பெஞ்சுகளை வாசற்படி ஓரத்துக்கு நகர்த்திப் பார்த்தார்கள், கிழக்கேயிருந்து அடித்த மழையில் அவளும் நனைந்தாள் இலையும் நனைந்தது, பெண்கள் கரும்பலகையைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை காலையில் கமிட்டி கூடுகிற வரைக்கும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பியூன் கஜபதியை உனக்குத் தெரியுமே, அவனுக்கு எதிலும் ஒரு குசும்பு. மணியடித்துவிட்டு வந்து, "ஆயாம்மா, நாளையிலருந்து மணி அடிக்கிறது நீ, பாடம் நடத்துறது நானு. எனக்கு ஒண்ணும் தெரியாது, அதனால என்னை யாரும் அனுப்ப மாட்டாங்க" என்றான். அவளும் சிரித்துவிட்டு, "அதுக்குத்தான்டா உனக்குப் பென்ஷன் வரைக்கும் வேலை" என்று சொல்லி இலைக்கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அவள் தெருமுனை திரும்பினதும் கஜபதி அந்த மணையை எடுத்துக்கொண்டு போய் ஆபீசில் தன் ஸ்டூலுக்கு அடியில் போட்டுக்கொண்டான், வேறு யாரும் அதில் உட்காரக் கூடாதாம்.

இனி என் பங்கு. வியாழக்கிழமை மூன்றாவது பீரியட் முடியப் போகிற நேரம், ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் ஒரு தாள். நீங்கள் தட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், வகுப்பு நடக்கும்போது ஆயாவின் குரல் எப்போதாவது உங்களுக்குக் கேட்டதுண்டா என்று கேட்டார். கேட்டதுண்டு என்றேன். 'வகுப்பு நடக்கும்போது ஆயாவின் குரல் மூன்றாம் பாரம் வரையில் கேட்டதுண்டு' என்று அவரே எழுதி என் பக்கம் நகர்த்தினார், நான் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை அம்மு. அவள் குரல் கேட்கும். பத்து இலை ஆனதும் "ஒம்பது, பத்து, தள்ளு" என்று முனகிவிட்டு அடுத்த அடுக்கைத் தொடங்குவாள், என் வகுப்புப் பிள்ளைகள்கூடச் சில நாள் அவளோடு சேர்ந்து "தள்ளு" என்பார்கள். அவள் எண்ணுவது இலையை. அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது, பிள்ளைகள் காத்திருந்தார்கள் என்று என்னையே சமாதானம் பண்ணிக்கொண்டேன். உண்மையை வரிசையாக எழுதுகிறேன். முதலில் என் வேலை, அப்புறம்தான் மணி. நான் எல்.டி. டிரெயினிங் முடிக்காதவள், வருஷா வருஷம் தற்காலிகமாக ஆக்டிங் நியமனந்தான், அதே டிசம்பர் இரண்டாம் தேதி அதே கமிட்டிதான் என்னை நீடிப்பதா என்றும் பார்க்கப்போகிறது. இதை உன் அப்பாவிடம் சொல்லுமுன் உனக்கு எழுதலாம் என்று நினைத்தேன், முடியவில்லை, நேற்று ராத்திரி அவரிடம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நானே பெண்களைக் கூட்டிவரப் புறப்பட்டேன். எவ்வளவு பெரிய காரியம், ஐந்து வீடு, நான்கு தெரு என்று நினைத்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் தாயாரம்மாள் ஒவ்வொரு விதமாகக் குரல் கொடுப்பாளாம், நான் கூப்பிட்டால் டீச்சர் எதற்கு வந்திருக்கிறார்கள், பெண் ஏதாவது தப்புச் செய்துவிட்டாளா என்று வீட்டில் பயப்படுகிறார்கள். இரண்டு பேர்தான் வந்தார்கள், இரண்டும் ஐந்தாம் பாரம். நான் வாத்தியார் பழக்கத்தில் முன்னால் நடந்தேன். பஜார் திரும்பிப் பாதி தூரம் வந்து பார்த்தால் பின்னால் ஒருத்திதான் வருகிறாள், மற்றவள் வளையல் கடையில் நின்றுவிட்டாள். தாயாரம்மாள் எப்போதும் கடைசியாக நடப்பாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் இத்தனை வருஷம் எதிரே பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை. வரலட்சுமியின் வீட்டில் அவள் அப்பா ஜெகநாதன் மரியாதையாகத்தான் பேசினார். "டீச்சரம்மா, நீங்க கூட்டிகினு போறீங்க, சரிங்க. அங்க போனதும் நீங்க உங்க கிளாசுக்குப் போயிடுவீங்க. அப்புறம் அந்தக் கூடத்துல எங்க பொண்ணு மேல கண்ணு வெச்சிகினு யாருங்க இருப்பாங்க" என்றார். மார்ச்சில் பரீட்சை, நாலு மாதந்தான் என்றேன். "தெரியுங்க. ஆயா வந்தா அனுப்பறேன். இல்லேன்னா படிச்சது போதுங்க, பள்ளிப்பட்டுல எங்க அக்கா, பாவா வீட்ல பொண்ணு கேட்டுகினு இருக்காங்க, தையில முடிச்சிடலாம்னு சொல்றாங்க" என்றார். உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து வரலட்சுமி, "டீச்சர், நேத்து ஜாமெட்ரியில எந்த எடம் வரைக்கும் நடத்தினாங்க" என்று கேட்டாள். கல்யாணத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், அழாமல், இதை மட்டும் கேட்டாள். அவள் அப்பா துணிப் பீஸைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

அன்று சாயங்காலம் ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். இலை எண்ணுகிற விஷயத்தைச் சொல்லி, அந்தத் தாளைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை, அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நேத்து ஒண்ணு சொல்லி இன்னிக்கு ஒண்ணு சொன்னா கமிட்டியில ரெண்டையும் நம்ப மாட்டாங்கம்மா. உங்க வேலையும் அதே கூட்டத்துல வருது, நெனைச்சுப் பாருங்க" என்றார். பிறகு, "எனக்கும் அந்தம்மாவை அனுப்ப மனசில்லைங்க. ஆனா ஒரு கேள்வி இருக்கு. ஆயாவுக்கு ஜாமெட்ரி எங்கிருந்து வந்தது? கிளாஸ்ல கேட்டு வந்ததுன்னா கிளாஸ்ல சொல்லவும் சொன்னாள்னு ஆயிடும். கிளாசுக்கு வெளியில வந்ததுன்னு யாராவது, இந்தப் பள்ளிக்கூடத்துச் சம்பளம் வாங்காத யாராவது, எழுத்துல குடுத்தா நான் மேஜை மேல வைப்பேன்" என்றார். இதைக் கேட்டுத்தான் சனிக்கிழமை தாயாரம்மாளிடம் போனேன், இரண்டு காரியம் மனசில் வைத்துக்கொண்டு. ஒன்று அந்தக் கேள்வி. இன்னொன்று, நான் கையெழுத்துப் போட்டதை அவளிடம் சொல்லிவிடுவது.

அவள் வாசலில் இலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்க டீச்சரம்மா, எனக்கு வீட்லயே கிளாஸ் வெக்கப் போறீங்களா, கொஞ்சம் இருங்க, கையக் கழுவிகினு வரேன்" என்றாள். எதற்கு அவ்வளவு பேர் எதிரில் பேசினாய் என்று கேட்டேன். "சும்மா பெஞ்சியத் தேய்க்க வருதுங்கன்னு சொன்னாரே, எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க. எம்மாம் தூரம் நடந்து வருதுங்க" என்றாள். உனக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டதும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்க பொண்ணுதாங்க. உங்களுக்குத் தெரியாதா" என்றாள். எனக்குத் தெரியாது அம்மு. நீ நாலாம் பாரமும் ஐந்தாம் பாரமும் படித்த இரண்டு வருஷமும் மேல் வகுப்பில் பெண் என்று நீ ஒருத்திதானே, சாயங்காலம் நீயும் அவளுமாக நடந்து வருவீர்களே, அந்த வழி நெடுக அன்றைய பாடத்தை நீ அவளுக்குச் சொல்லிக்கொண்டே வருவாயாம். அவளுக்குப் புரியாவிட்டால் உனக்கும் சரியாகப் புரியவில்லை என்று அர்த்தமாம், அப்படி ஒரு விதி வைத்திருந்தாயாமே. "இன்னும் ஏறலையா ஆயா, இன்னும் ஏறலையான்னு கேட்டுகினே வரும், ஏறிச்சுடி விடுடின்னு சொன்னாலும் விடாது, திருப்பிச் சொல்லச் சொல்லும்" என்றாள். முக்கோணம் அவளுக்கு மூன்று நாள் ஏறவேயில்லையாம், மூன்றாம் நாள் நந்தியாற்றுப் பக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்து அவள் கட்டிலிருந்தே ஒரு இலையை உருவி மூலையைக் கிழித்து நீ வைத்துக் காட்டினாயாம். பள்ளிக்கூடம் விட்டு நீ நேரம் கழித்து வந்தாய் என்று நான் எத்தனை நாள் வாசலில் நின்று திட்டியிருக்கிறேன், ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே. உனக்கு நான் கணக்குச் சொல்லித்தர உட்கார்ந்தால், தெரியும் போ அம்மா என்பாய். எனக்கு அப்போது மனசு குறைப்பட்டது, உனக்கு எழுதாமல் எங்கே போகிறேன், இப்போது எழுதிவிட்டேன், போகட்டும்.

அம்முவுக்கு எழுதி இதைக் கேட்கப் போகிறேன் என்று தாயாரம்மாளிடம் சொன்னேன். வேண்டவே வேண்டாம் என்றாள். "அங்க குண்டடி பட்டவங்களப் பார்த்துகினு இருக்குது அந்தப் பொண்ணு, இந்த இலைக் கதையப் போய் எழுதுவாங்களா. எனக்கு என்னங்க, ரெண்டு கட்டு கூடத் தெச்சா சாப்பாடு. அந்த வரலட்சுமிக்குத்தான் ஏதாவது பண்ணுங்க" என்றாள். பிறகு எனக்கு மோர் கொடுத்தாள். அந்த மோரைக் குடித்துவிட்டு, கையெழுத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். தெருக்கோடி வரைக்கும் வந்து திரும்பிப் போனேன், அவள் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள், மறுபடியும் வந்துவிட்டேன். இன்றைக்கு வேதக்கோயிலில் பிரசங்கம் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

உன் அப்பாவிடம் சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை, வேலை போய்விடுமே என்றும் சொல்லவில்லை. இலை எண்ணுகிற விஷயத்தை எழுத்தில் கொடுக்கப் போகிறேன் என்றேன். "குடுக்கிறதுன்னா காலையிலேயே குடுத்துடு தேவசுந்தரி, சாயங்காலம் வரைக்கும் கையில வெச்சிகினு இருந்தா நீ மாறிடுவே" என்றார். பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்தவர், தெரியாதா. அந்தக் கடிதத்தை எழுதி முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நான் கேட்டது இலை எண்ணுகிற குரல் என்றும், ஒரு பாடமும் அவள் சொல்லி நான் கேட்டதில்லை என்றும், வியாழக்கிழமை இதைச் சொல்லாதது என் தவறு என்றும் எழுதியிருக்கிறேன். நாளைக் காலையில் முதல் மணிக்கு முன்னால் ஹெட்மாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு, பகல் இடைவேளையில் தாயாரம்மாள் வீட்டுக்குப் போவேன். அவள் என்ன சொல்வாள் என்று தெரியவில்லை. சிரித்துவிட்டாளானால் எனக்கு இன்னும் கஷ்டம்.

ஆனால் என் கடிதத்தால் அவள் வகுப்பில் பாடம் சொல்லவில்லை என்று மட்டும்தான் ஆகும், அவளுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி அப்படியே நிற்கும். அதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது. கமிட்டித் தலைவர் பேருக்கு, ஹெட்மாஸ்டர் மூலமாக, நீ ஒரு கடிதம் எழுது. நீ எந்த வருஷம் இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய், இப்போது எங்கே என்ன வேலை பார்க்கிறாய், வீட்டுக்கு வருகிற வழியில் அவளுக்கு என்ன என்ன சொல்லிக் கொடுத்தாய், முக்கோணத்தை எங்கே வைத்து எப்படிக் காட்டினாய் என்று நடந்ததை நடந்தபடி எழுது. நீ பரீட்சை எழுதின நாட்களில் அவள் கூடத்தில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதையும் எழுது, உனக்கு அவள் ஒரு சொல்லாவது சொன்னதுண்டா இல்லையா, அதையும். என்னைக் காப்பாற்றுகிற மாதிரி ஒன்றும் சேர்க்க வேண்டாம். மேட்ரன் அனுமதித்தால் ஆஸ்பத்திரிக் காகிதத்திலேயே எழுது, இங்கே அதற்கு ஒரு மதிப்பு உண்டு. கணக்கு வாத்தியாரைப் பற்றி ஒரு சொல்லும் கடுமையாக எழுதாதே, அவரும் அன்றைக்குத் தலை குனிந்துதான் வீட்டுக்குப் போனார், இரண்டு நாளாக என் முகத்தைப் பார்ப்பதில்லை.

இதை அப்பா காலையில் ஸ்டேஷனிலேயே தபால் பெட்டியில் போட்டுவிடுவார், பூனாவுக்கு நாலு நாள், சில சமயம் ஐந்து. இது வந்த அன்றைக்கே நீ எழுதிப் போட்டால்தான் இரண்டாம் தேதிக்கு முன் இங்கே வந்து சேரும். பட்டாள ஸ்பெஷலுக்காகத் தபால் வண்டியை ஒதுக்கி நிறுத்துகிறார்கள், எனக்கு இப்போதே பக்கென்றிருக்கிறது. அதுவரைக்கும் நான் வரலட்சுமியின் வீட்டுக்குச் சாயங்காலத்தில் போய் உட்கார்ந்து பாடம் சொல்லலாம் என்றிருக்கிறேன், ஜெகநாதன் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆங் என்றும் சொல்லவில்லை. அந்தப் பள்ளிப்பட்டு வீட்டார் எப்போது வருகிறார்களோ தெரியாது.

உனக்கு நீல நிறத்தில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறேன், ஒரு கை பாக்கி, கம்பளி நூல் கிடைக்கவில்லை, அரக்கோணத்தில் சொல்லி வைத்திருக்கிறது. அதுவரை ராத்திரி டியூட்டிக்குப் போகும்போது கழுத்தில் துணி சுற்றிக்கொள். தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வார்டுக்குப் போகாதே. நோயாளி யாராவது இறந்துபோனால் அன்றைக்கு ஒரு வாயாவது சாப்பிட்டுவிட்டுப் படு, நீ சாப்பிடாமல் படுப்பாய் என்று எனக்குத் தெரியும். சத்தி உனக்கு ஒரு ரயில் படம் போட்டு வைத்திருக்கிறான், உள்ளே மடித்து வைக்கிறேன், ஜன்னலில் இருப்பது நீயாம். கர்த்தர் உன் கைகளையும் கால்களையும் காத்து, நீ தொடுகிற ஒவ்வொருவருக்கும் உன்னால் ஆறுதல் கொடுக்கட்டும். அப்பாவின் முத்தங்களும் ஆசீர்வாதமும்.

கமிட்டிக்கு எழுதுவதைத் தனி உறையில் வை. எனக்கு நாலு வரி போதும், உன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை முதல் வரியில் எழுதி, இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே தயவுசெய்து பதில் போடு.

உன் அன்பான அம்மா,
தேவசுந்தரி ஏசுவடியான்